ராஜமணியின் ஹேவும் ஹேஸும்

கோவில்பட்டி மார்க்கெட் ரோட்டில் ராஜமணி அண்ணாச்சி கமிஷன் கடை எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். உளுந்து, பாசி, மக்காச்சோளம், வத்தல் என்று சுற்றுப்பட்டுச் சம்சாரிகள் விளைவித்துக் கொண்டுவந்து இறக்குவதை விற்றுக் கொடுக்கிற கடை. ஒரு கை உளுந்தை அள்ளி, நாலு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு ஒரு விலை சொல்வார். சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அந்த விலையை விட்டு நகர மாட்டார். அதனால் சம்சாரிகளிடம் அவருக்குச் சொல் மாறாதவர் என்று பெயர். சொல் மாறாத மனுசன் வீட்டில் மற்றவர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்று எந்தச் சம்சாரியும் வந்து எட்டிப் பார்ப்பதில்லை.

அறுபது தாண்டிய இந்த மனிதர் போன வருசம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தார். மார்க்கெட்டே சிரித்தது. காரணம் இல்லாமல் இல்லை. மகள் பானு அமெரிக்காவில் டல்லஸில் இருக்கிறாள். முழுகாமல் இருந்தாள். தை மாதம் பிரசவம். பிள்ளை பெற்றவளுக்குப் பக்குவம் பார்க்க அம்மாவும் அப்பாவும் போக வேண்டும், அதற்கு விசா வேண்டும், விசாவுக்குச் சென்னையில் நேரில் போய் நின்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தமிழிலேயே பேசலாம் மாமா, எடுத்துச் சொல்ல ஆள் இருப்பார்கள் என்று மாப்பிள்ளை போனில் படித்துப் படித்துச் சொன்னார். ராஜமணி கேட்கவில்லை. பக்கத்துக் கடை பாலகணேஷ் இரண்டு வருசத்துக்கு முன்னால் மகனைப் பார்க்கப் போய்வந்தவர். வெள்ளைக்காரனிடம் இங்கிலீஷிலேயே பேசினேன் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பாலகணேஷ் பேசிவிட்டு ராஜமணி பேசாமல் வந்தால் கடைக்கு என்ன மரியாதை? வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

ஒரு மெடிக்கல் கடையின் மாடியில் ஆனந்தி டீச்சர் வகுப்பு நடத்துகிறாள். முப்பத்தைந்து வயதுக்காரி, பொறுமைசாலி. கம்பெனி வேலைக்குப் போகிற பெண்களும் துபாய்க்குப் போகிற பையன்களும்தான் அங்கே கூட்டம். அவர்கள் நடுவில் முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளை வேட்டியோடு ராஜமணியும், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் மனைவி சுப்புத்தாயும் உட்கார்ந்தார்கள்.

மற்றதெல்லாம் ஒரு மாதிரி பிடிபட்டது. இந்த ஹேவும் ஹேஸும்தான் அவரைப் பாடாய்ப் படுத்தின. "ஐ ஹேஸ் ஒன் ஷாப்" என்பார். "மை வைஃப் ஹேவ் சுகர்" என்பார். பின்வரிசைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ராஜமணிக்குக் கோபம் கோபமாக வரும். தமிழில் கடை இருக்கு, சுகர் இருக்கு, மூட்டை இருக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரே இருக்குதானே, இவன் எதற்கு ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறான் என்று டீச்சரிடமே சண்டைக்குப் போனார். நான், நீ, நாம், அவர்கள் எல்லாருக்கும் ஹேவ், அவன், அவள், அது என்றால் ஹேஸ், அவ்வளவுதான் அண்ணாச்சி என்று அவளும் சலிக்காமல் சொன்னாள்.

எடுத்த காரியத்தை விடுகிற ஆள் இல்லை அவர். கடையில் உட்கார்ந்து கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிப் பார்த்தார். மூட்டை தூக்குகிற சுடலைராஜ் அந்தப் பக்கம் போனால், "சுடலைராஜ் ஹேஸ் ஒன் மூட்டை" என்பார். வாசலில் நிற்கிற லாரிக்கு ஆறு சக்கரம் என்பதை இங்கிலீஷில் சொல்வார். சுடலைராஜுக்கு நாற்பது வயது. அண்ணாச்சிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவன் முதலில் பயந்து, பிறகு பழகி, கடைசியில் அவர் தப்பாகச் சொன்னால் மூட்டையோடு நின்று திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் தேறிவிட்டான். ஐப்பசி பிறப்பதற்குள் ராஜமணிக்கு ஹேவ் ஹேவாகவும் ஹேஸ் ஹேஸாகவும் நின்றுவிட்டன.

அப்புறம்தான் டீச்சர், ஆபீசர் மாதிரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி கேட்கத் தொடங்கினாள். என்ன தொழில், எதற்குப் போகிறீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள். பிறகு, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?

"ஐ ஹேவ் ஒன் டாட்டர். ஷி ஹேஸ் எ குட் ஹஸ்பண்ட்" என்றார் ராஜமணி. ஒரு பிசிறு இல்லை. வகுப்பே கை தட்டியது. அதே கேள்வி சுப்புத்தாயிடம் போனது. அவள் எழுந்து, சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு, "வி ஹேவ் டூ டாட்டர்" என்றாள்.

டீச்சர் சிரித்துவிட்டு, டூ இல்லைம்மா, ஒன், இப்போதுதானே அண்ணாச்சி சொன்னார் என்று திருத்தினாள். எங்கே, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள். சுப்புத்தாய் சொல்லவில்லை. ராஜமணி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகருக்கு மயக்கமாக வருகிறதோ என்று டீச்சர் அவளை உட்காரச் சொல்லிவிட்டாள்.

வகுப்பு முடிந்து அவர் ஸ்கூட்டரை எடுக்கக் கீழே இறங்கினார். டீச்சர் சுப்புத்தாயைத் தனியாக நிறுத்தி, ஒரு பிள்ளை தவறிப்போய்விட்டதா என்று மெதுவாகக் கேட்டாள். அப்படியென்றால் ஹேவ் போடக் கூடாதம்மா, ஹேட் என்று சொல்ல வேண்டும், முன்னால் இருந்தது, இப்போது இல்லை என்பதற்கு அதுதான் சரி என்று சொல்லிக் கொடுத்தாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

"அவ உசுரோட இருக்கா டீச்சர்" என்றாள் சுப்புத்தாய். "இதே ஊர்லதான், ரெண்டு தெரு தள்ளித் துணி தைக்கா. அவியதான் தலைமுழுகிட்டாவ."

மூத்தவள் பெயர் முத்துச்செல்வி. பி.காம். படித்தவள். படிப்பு முடிந்த மறு வருசம், டிராக்டர் மெக்கானிக் மணிராஜைக் கட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் போய் மாலையோடு நின்றாள். நல்ல பையன், பீடி சிகரெட் கிடையாது. வேறு சாதி. அந்த ஒன்று போதாதா?

எப்போதும்வென்றான் கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சொந்த ஊரிலிருந்து பங்காளிகள் கிளம்பி வந்தார்கள். இவளை விட்டுவைத்தால் இளையவளை எவன் கட்டுவான் என்று கேட்டார்கள். தலைமுழுகிவிடு என்றார்கள். செத்தவர்களுக்குத்தான் தலை முழுகுவது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு முழுகினால், அன்றோடு அவள் செத்தாள் என்று அர்த்தம். அதன் பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. எதிரே வந்தால் முகம் பார்க்கக் கூடாது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் வரக் கூடாது.

ஊர்க் கிணற்று மோட்டார் தொட்டியில் முழுகுவதாக ஏற்பாடு. அது மழை பொய்த்த வருசம், கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எல்லோரும் போய்ச் சேர்ந்தபோது மோட்டாருக்குக் கரண்டு இல்லை. மூணு பேஸ் கரண்டு வருகிற வரைக்கும் காத்திருந்தார்கள். மகளைச் சாகடிக்க வந்த கூட்டம் கருவேல மர நிழலில் உட்கார்ந்து கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தது. ராஜமணி மட்டும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தொட்டி ஓரமாக நின்றார். போதும், வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்ப அவருக்கு அத்தனை நேரம் இருந்தது. கிளம்பவில்லை. முழுகுகிறேன் என்று சொல்லியாயிற்று, சொன்னால் சொன்னதுதான். கரண்டு வந்தது. முழுகினார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

இளையவள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போனபோது அச்சகத்துக்காரர், இளைய குமாரத்தியா, ஏக புத்திரியா என்று கேட்டிருக்கிறார். ஏக புத்திரி என்று போடச் சொல்லிவிட்டு வந்தார் ராஜமணி. ஒரே பிள்ளை. நல்ல தடிமனான அட்டையில் தங்க எழுத்தில் அடித்து வந்தது. சுப்புத்தாய் ஒரு பத்திரிகையைக்கூடத் தன் கையால் யாருக்கும் கொடுக்கவில்லை. மூட்டுவலி என்று சொல்லிவிட்டாள்.

சின்ன ஊர். பார்க்காமல் இருக்க முடியுமா? முத்துச்செல்வி இடுப்பில் பெண் பிள்ளையோடு காய்கறிக் கடையில் நிற்பாள். ராஜமணி ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடுவார். ஒரு தடவை தாண்டும்போது மினிபஸ் இடிக்கப் பார்த்தது. அவளுக்குப் பெண் பிறந்தது, வீட்டின் முன்பக்கத்தில் தையல் கடை போட்டது, மணிராஜ் சொந்தமாகப் பட்டறை வைத்தது எல்லாமே அவருக்குத் தெரியும். யாரும் அவரிடம் வந்து சொல்லி அல்ல, யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போகாமல் மூட்டையை எண்ணுகிற மாதிரி நின்று கேட்பார்.

டீச்சரிடம் சுப்புத்தாய் சொன்னது அவருக்குத் தெரியாது. அதன் பிறகு ஆனந்தி டீச்சர் அந்தக் கேள்வியை மட்டும் வகுப்பில் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று அவரும் கேட்கவில்லை.

கார்த்திகையில் சென்னைக்குப் போனார்கள். விசா ஆபீஸில் வரிசை நகர்ந்து நகர்ந்து ஜன்னலுக்கு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாள், பக்கத்தில் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு பெண். முத்துச்செல்வி வயதுதான் இருக்கும், நெற்றியில் சின்னதாகத் திருநீறு வைத்திருந்தாள். ராஜமணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குட்மார்னிங் சொன்னார். தொழில் என்ன என்றதற்கு, "ஐ ஹேவ் எ ஷாப்" என்றார். வெள்ளைக்கார அம்மாள் சிரித்தாள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள்.

"ஐ ஹேவ் ஒன் டாட்டர்."

அவள் தலையாட்டிவிட்டுச் சும்மா ஒரு மரியாதைக்குச் சுப்புத்தாய் பக்கம் திரும்பி, ஒரே மகளா என்று கேட்டாள். தமிழ்ப் பெண் அதை எடுத்துச் சொன்னாள். சுப்புத்தாய் கணவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்து, "ரெண்டு" என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. ஒன்றா, இரண்டா என்று இப்போது ராஜமணியிடம் கேள்வி வந்தது. படித்து வைத்திருந்த இங்கிலீஷ் மொத்தமும் எங்கேயோ போய்விட்டது. தமிழ்ப் பெண்ணைப் பார்த்து, "மூத்தவளுக்குத் தலைமுழுகியாச்சும்மா" என்றார். அவளுக்கு முதலில் புரியவில்லை. இறந்துட்டாங்களா என்று கேட்டாள். இல்லை என்றார். எங்க இருக்காங்க என்று கேட்டாள். கோவில்பட்டியில்தான் என்றார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் முகத்தில் அது தெரிந்தது. அருவருப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டாள்.

"அப்ப இவங்ககிட்ட நான் என்னன்னு சொல்லட்டும் அய்யா?" என்று கேட்டாள்.

ஊரில் அந்த வார்த்தையைச் சொன்னபோது பங்காளிகள் தோளில் தட்டிக் கொடுத்தார்கள். மானஸ்தன் என்றார்கள். இங்கே ஒரு சின்னப் பெண் அதை இன்னொருத்தியிடம் எடுத்துச் சொல்லக் கூசி நிற்கிறாள். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள், பாதிப் பேர் தமிழ் தெரிந்தவர்கள், காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். ராஜமணி தன் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை. வேட்டி அவிழ்ந்து நடுரோட்டில் நின்றிருந்தால்கூட இத்தனை கூச்சம் இருந்திருக்காது.

"டூ" என்றார். "ஐ ஹேவ் டூ டாட்டர்ஸ்."

மூத்தவள் என்ன செய்கிறாள் என்று வெள்ளைக்கார அம்மாள் இங்கிலீஷிலேயே கேட்டாள். அதற்குப் பதில் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. அவளுக்குத் தையல் கடை இருக்கிறது, அவளுக்கு ஒரு பெண் பிள்ளை இருக்கிறது என்று சொன்னார். இரண்டு இடத்திலும் ஹேஸ் பிசகாமல் விழுந்தது. ஏழு வருசமாகப் பெற்ற மகளைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. வந்த முதல் வார்த்தை இங்கிலீஷில், ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் வந்தது.

பேரப்பிள்ளையின் பெயர் என்ன என்று அவள் கேட்டாள். பேச்சுக்குத்தான் கேட்டிருப்பாள். ராஜமணிக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதற்கு இங்கிலீஷ் அவருக்குத் தெரியும். சொல்ல நாக்கு வரவில்லை. "மகிழினி" என்று பின்னாலிருந்து சுப்புத்தாய் சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும், எத்தனை நாளாகத் தெரியும் என்று அவர் அப்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

விசா கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போயிருந்தாலாவது தண்டனை என்று மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். திரும்பி வருகிற ரயிலில் சுப்புத்தாய் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. விருதுநகரில் இட்லி வாங்கி, பொட்டலத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். அவர் அதை அப்படியே மடித்து வைத்துவிட்டார்.

மறுநாள் கடைக்குப் போனார். பாலகணேஷ் வந்து, இங்கிலீஷ்லயா பேசினீங்க அண்ணாச்சி என்று கேட்டார். ஆமா என்றார். சம்சாரி ஒருவர் கொண்டுவந்த பாசியைப் பல்லில் கடித்தார், விலை சொல்ல வரவில்லை. பொறுங்க, வந்துருதேன் என்று எழுந்து போனார். சந்தை நேரத்தில் அவர் கடையைவிட்டு எழுந்து போனதைச் சுடலைராஜ் அன்றைக்குத்தான் பார்த்தான்.

இரண்டு தெரு தள்ளி, செல்வி டெய்லர்ஸ் என்று சின்ன போர்டு. வாசற்படியில் ஒரு பெண் குழந்தை வெட்டி விழுந்த துணித்துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தது. அந்தக் கண்ணும் மூக்கும் அவருடைய அம்மாவுடையவை. எத்தனையோ தடவை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தும் அது அவருக்குத் தெரிந்ததில்லை.

"எங்கம்மா லேடீஸ் துணி மட்டுந்தான் தைப்பா" என்றது.

அம்மாவைக் கூப்பிடு என்றார். பிள்ளை உள்ளே பார்த்து, "அம்மா, ஒரு தாத்தா வந்திருக்காரு" என்று கத்தியது. தன்னைத் தெரிந்துதான் கூப்பிடுகிறது என்று அவர் நினைத்துவிட்டார். நரைத்த தலை எது வந்தாலும் பிள்ளைகள் தாத்தா என்றுதான் சொல்லும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

உள்ளே மிஷின் சத்தம் நின்றது. முத்துச்செல்வி கழுத்தில் டேப்போடு வந்து நிலைப்படியில் நின்றாள். முன்பெல்லாம் அவர் கடையிலிருந்து வந்தால் "ஏப்பா, வாப்பா" என்று அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பாள். அப்பனை நீ, வா, போ என்று ஒருமையில் கூப்பிடுகிற செல்லம்.

"வாங்க. உக்காருங்க" என்றாள்.

அளவு கொடுக்க வருகிறவர்களுக்கு என்று போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். என்ன விசயமாக வந்தீர்கள் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அவருக்குப் பதில் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும்.

"மெட்ராஸ்ல ஒரு ஆபீசர் எத்தனை பிள்ளைகன்னு கேட்டாம்மா" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தார். "ஒண்ணுன்னு சொல்லிட்டேன்."

இரண்டு என்று பிறகு மாற்றிச் சொன்னதையும் சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள்.

"உள்ளதத்தான சொல்லியிருக்கீங்க" என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்கு அது பழகிப்போன விசயமாக இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ராஜமணி அழுதார். சாயந்தரம் யாருக்கோ ஜாக்கெட் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் போய் மிஷினில் உட்கார்ந்தாள். போங்க என்றும் சொல்லவில்லை, இருங்க என்றும் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருந்தார்.